நாலு நாள் பார்த்துட்டு உணர்ச்சி இல்லன்னு எழுதலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ் பயணப் பக்கத்துல "ஜப்பான் டிவில பாட்டுன்னா ஒரே மாதிரி டிரெஸ் போட்ட பசங்க குதிக்கிறதுதான், உணர்ச்சின்னு ஒண்ணு அங்க கிடையாது"ன்னு ஒரு வரி வந்திருக்கு. எழுதினவர் டோக்கியோல தங்கினது நாலே நாள்னு அவரே சொல்றார். நான் ஒரகடத்துல ஒரு பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டி பார்க்கிறவன், பதினோரு வருஷமா ஜப்பான்ல ஹமமாட்சுங்கிற ஊருக்குப் போயிட்டு வர்றேன். அந்த வரியைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல.

வேலையா போறவனுக்கு ஊர் சுத்த ஏதுங்க நேரம்? காலைல ஏழரைக்கு பிளான்ட்டுக்குள்ள போனா ராத்திரி ஒன்பதுக்குத்தான் ரூம். பெட்டியை விரிச்சுத் திறக்கக்கூட இடம் இல்லாத ரூம். உள்ள புளிப்பா உமெபோஷி, அதான் உப்புல ஊறின பழம், வச்ச சோத்து உருண்டையைப் பிரிச்சுக்கிட்டு டிவியைப் போடுவேன். பாஷை தெரியாதவனுக்கு நியூஸும் புரியாது, நாடகமும் புரியாது, பாட்டு ஒண்ணுதான் துணை. இதைத்தான் நீங்க முன்னாடி ஒரு கட்டுரைல "கம்பெனி செலவுல உலகம் சுத்துறவங்க"ன்னு போட்டீங்க. அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ நான் அங்கதான் இருந்தேன். அப்பவே எழுதியிருக்கணும், எழுதல.

ஞாயித்துக்கிழமை மதியம் 12:15க்கு ஜப்பான் பொதுத்துறை டிவியான என்எச்கேல 'நோதோ ஜிமான்'னு ஒரு நிகழ்ச்சி. 1946 ஜனவரில, போர் முடிஞ்சு அஞ்சே மாசத்துல ரேடியோல ஆரம்பிச்சது. ஊர் ஊரா போய் அங்க இருக்கிற சாதாரண ஜனங்களைப் பாட வைப்பாங்க. எடுபடலைன்னா ஒண்ணோ ரெண்டோ மணி, தேறிட்டா மணி வரிசையா ஒலிக்கும். ஒரு தடவை ஒரு பாட்டி வந்தாங்க, மைக்கை இறுகப் பிடிச்சதுல விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. நாலு வரி பாடறதுக்குள்ள ஒரே ஒரு மணி அடிச்சிட்டாங்க. அவங்க மணி அடிச்சவர் பக்கம் திரும்பி நல்லா குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சாங்க. இறந்துபோன வீட்டுக்காரருக்குப் பிடிச்ச பாட்டுன்னு மறுநாள் பிளான்ட்ல ஒருத்தர் சொன்னார். இதுல உணர்ச்சி இல்லையா சார்?

ரெண்டு வருஷம் முன்னாடி இதே பத்திரிகைல 'கோஹாகு'ங்கிற வருஷக் கடைசிப் பாட்டுப் போட்டியை "புதுசா வந்த ரியாலிட்டி ஷோ"ன்னு எழுதினீங்க. பெண்கள் சிவப்பு அணி, ஆண்கள் வெள்ளை அணின்னு 1951ல ரேடியோல தொடங்கினது அது. 1953ல இருந்து டிசம்பர் 31 ராத்திரி டிவில வருது, 1963ல ரேட்டிங் 81.4 சதவீதம். நீங்க வருஷா வருஷம் குழந்தைகள் தினத்துக்குப் புகழ்ற டோட்டோ-சான் எழுதின டெட்சுகோ குரோயாநாகி அம்மாவே அதைப் பல தடவை தொகுத்து வழங்கினவங்கதான், 1978ல இருந்து 'தி பெஸ்ட் டென்'னு வாராவாரம் பாட்டு நிகழ்ச்சி நடத்தினவங்களும் அவங்கதான். இதையெல்லாம் அப்பவே எழுதி அனுப்பினேன், பதிலே வரல.

ஒரு வருஷக் கடைசி நான் அங்கயே மாட்டிக்கிட்டேன், புது வருஷ லீவுல லைன் நின்னாதானே மெஷின் மாத்த முடியும். ஹோட்டல் சாப்பாட்டு ஹால்ல நானும் ரிசப்ஷன்ல இருந்த பெரியவரும் மட்டும்தான். டிவில கோஹாகு ஓடிக்கிட்டிருந்தது. கிமோனோல பாடகி இஷிகாவா சயூரி வந்து நின்னதும் துண்டு மடிச்சுக்கிட்டிருந்த அவர் கை அப்படியே நின்னுடுச்சு, பாட்டு முடியுற வரைக்கும் அந்தத் துண்டு பாதி மடிப்புலயே இருந்தது. 11:45க்கு அத்தனை வெளிச்சமும் கலர் காகிதமும் சட்டுனு மறைஞ்சு, இருட்டுல ஒரு கோயில், ஒரு மணிச் சத்தம், அவ்வளவுதான். நம்ம ஊர்ல அப்போ ராத்திரி எட்டேகால். வீட்டுக்கு போன் போட்டா பொண்ணு "அங்க நியூ இயர் வந்துடுச்சாப்பா"ன்னு கேட்குது, எனக்குப் பேச்சே வரல.

நான் கேட்கிறது சின்ன விஷயம்தான். அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம் போடுங்க, போன தடவை 'கோகக்கு'ன்னு அச்சானதை 'கோஹாகு'ன்னு சரியா போடுங்க. கடிதத்தைச் சுருக்கினாலும் பரவாயில்ல, அந்தப் பாட்டியை மட்டும் வெட்டிடாதீங்க.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
ஸ்ரீபெரும்புதூர்