அப்பாவின் செக்ரோல்

அன்புத் தம்பிக்கு,

போன வாரம் போனில், "அக்கா, அப்பாவுக்கு வந்த மறதி நோய் எனக்கும் வருமா?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

எல்லாம் அந்தச் செக்ரோலில், தோட்டத்தில் நாள் கூலிக்குப் பேர் பதிகிற ஏட்டில்தான் தொடங்கியது. யார் எத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தார்கள் என்று ஏட்டைப் பார்க்காமலே சொல்கிற கணக்கப்பிள்ளை நம் அப்பா. தன் 46 வயதில் அவர் ஒருத்திக்கு இரண்டு முறை பேர் போட்டார். பக்கத்து நிரையில் நின்றவளுக்கு அரைப்பேர், பாதிக் கூலிதான். நிறுவையிடத்தில் ஒரே சண்டை. குடித்திருக்கிறார் என்றார்கள். அப்புறம் கை திடீர் திடீரென்று வெட்டி இழுத்தது, தேத்தண்ணி சட்டையெல்லாம் கொட்டியது. வலிப்பும் வந்தது. முதலில் பார்த்த டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். அம்மா ரோதமுனி சாமிக்குக் கோழி நேர்ந்தார்.

நரம்பு டாக்டர்தான், "முதலில் மாறியது ஞாபகமா, குணமா?" என்று கேட்டார். டாவ், புரோகிரானுலின் என்ற மரபணுக்கள் கெட்டு வருகிற வேறு வகை நோயில் பெரும்பாலும் குணம்தான் முதலில் மாறுமாம்: கூச்சம் போகும், பாசம் போகும், இனிப்பை அள்ளி அள்ளித் தின்பார்கள். அப்பாவுக்கு ஞாபகம்தான் முதலில் போனது. அந்த வயதும், கை வெட்டுவதும், வலிப்பும் சேர்ந்ததால் பிரெசெனிலின் 1 என்ற மரபணுவின் மேல் டாக்டருக்குச் சந்தேகம். 1995இல் கண்டுபிடித்தது, 14ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இது கெட்டால் அல்சைமர் என்ற மறதி நோய் இள வயதிலேயே வருமாம். அல்சைமர் வந்தவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட இந்தப் பரம்பரை வகை இருக்காது. நம் வீட்டைத் தேடி வந்திருக்கிறது போல, பார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அப்பாவின் மரபணுவில் அந்தக் கெட்ட மாற்றம், டாக்டர் சொல்கிற பிறழ்வு, இருந்தால் உனக்குப் பாதிக்குப் பாதி, எனக்கும் பாதிக்குப் பாதி. ஒருத்தருக்கு வந்தால் மற்றவர் தப்பிவிடுவார் என்று மாமா சொன்ன கணக்கு தப்பு. இருவருக்கும் வரலாம், இருவருக்கும் வராமலும் போகலாம். ஆண் பெண் பேதமும் கிடையாது. உன்னிடம் இல்லையென்றால் உன் மகளுக்கும் அந்த வழியில் வராது.

கொழும்பில் ரத்தம் கொடுக்க அவசரப்படாதே. முதலில் அப்பாவின் ரத்தத்தில் தேட வேண்டும். அவரிடம் இன்ன பிறழ்வு என்று தெரிந்தால்தான், உன்னிடம் இல்லை என்ற பதிலுக்கு அர்த்தம் உண்டு. அதன் பிறகும், தெரிந்துகொள்ள விருப்பமா என்று ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் டெஸ்ட். எனக்கு விருப்பமா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

அப்பாயிக்கு எந்த வயதில் மறதி தொடங்கியது என்றும் டாக்டர் கேட்டார். ஒரே குடும்பத்தில் இது ஏறக்குறைய ஒரே வயதில்தான் தலைகாட்டுமாம். அப்பாயிக்கு ஏது பிறப்புப் பத்திரம்? தோட்டத்தை அரசாங்கம் எடுத்த 1975இல் நன்றாகக் கொழுந்து எடுத்தாராம். 83 கலவரத்தின்போது வீட்டுக்கு வழி தெரியாமல் பணியக்கணக்கு லயத்தில், தோட்டத்தின் கீழ்ப்பிரிவு வீடுகளில் போய் உட்கார்ந்திருந்தாராம். பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நடுவில் நடந்ததெல்லாம் அத்தைக்குத்தான் தெரியும், அவருக்கும் இப்போது காது மந்தம். பொங்கலுக்கு வரும்போது ஒரு கொப்பி வாங்கி வா. நீ சத்தமாகக் கேள், நான் எழுதுகிறேன்.

அக்கா