பெயர் சொல்லாமல் ஒரு நன்றி

அன்புள்ள உங்களுக்கு,

ஒவ்வொருவர் பெயரையும் போட்டு எழுதத்தான் ஆசை. ஆனால் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டத்தின் வழக்கம். அதனால் நீங்கள் செய்ததைச் சொல்லி நன்றி சொல்கிறேன். படிக்கும்போது ‘இது என்னைத்தான்’ என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் வார்டில் இருந்த நர்ஸ் அக்காவுக்கு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். பதினாறு வருடக் குடி. கோயிலில் கயிறு கட்டியிருக்கிறேன், இரண்டு தடவை மாலை போட்டிருக்கிறேன். மாலை கழற்றிய அன்று சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் நின்றிருக்கிறேன். கடைசியில் ஒரு வைராக்கியத்தில், இனிமேல் தொடுவதில்லை என்று வீட்டிலேயே கதவைச் சாத்திப் படுத்தேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. நீங்கள் வைட்டமின் ஊசி போட்டுக்கொண்டே சொன்னீர்கள்: “தினம் குடிச்ச உடம்பு தம்பி. திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. டாக்டர்கிட்ட வந்துதான் நிறுத்தணும்.” குடியை விடு என்று எனக்கு ஊரே சொல்லியிருக்கிறது. எப்படி விட வேண்டும் என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான். வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு போன் நம்பர் எழுதி, “மருந்து கொஞ்ச நாளைக்குத்தான். அதுக்கப்புறம் ஆள் வேணும்” என்றீர்கள்.

அந்த நம்பரில் போனை எடுத்தவர் ஐயா, நீங்கள். உங்களுக்குத்தான் பெரிய கடன். நீங்கள் கூட்டிப்போன முதல் கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. அன்பான மனிதர்கள், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் என் அம்மாவின் சாவு வீட்டில் போதையில் போய் நின்றதை நான் எந்த மொழியில் சொல்வேன்? வாயே திறக்கவில்லை. இரண்டாவது தமிழ்க் கூட்டம்தான். ஆனால் ஞாயிறு காலை மட்டும். எனக்கு எமன் வருகிற நேரம் சாயங்காலம் ஏழு மணி. ஷிஃப்ட் முடிந்து, கையில் காசோடு, வீட்டுக்கு நடக்கிற அந்த நேரம்.

நீங்கள் கோபப்படவில்லை. “எங்க கூட்டம் சரிப்படலைன்னா வேற கூட்டம் தேடுவோம். குடிக்க மட்டும் போயிடாத” என்றீர்கள். பஸ்ஸில் வரும்போது 1935-இல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் நடந்ததைச் சொன்னீர்கள். வியாபாரம் கெட்டுப்போய் ஓட்டலில் தனியாக நின்ற பில் வில்சன், பக்கத்து பாருக்குள் போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று போன் போட்டுப் போட்டுத் தேடினாராம். கிடைத்தவர் டாக்டர் பாப். அப்படி ஆரம்பித்ததுதான் ஏ.ஏ. அன்று ராத்திரிதான் எனக்குப் புரிந்தது, நீங்கள் எனக்கு மட்டும் உதவவில்லை, உங்களையும் காப்பாற்றிக்கொள்கிறீர்கள் என்று. அதற்குப் பிறகு உங்களுக்குப் போன் பண்ணக் கூச்சமே இல்லை.

மூன்றாவதாகக் கிடைத்தது இந்தக் கூட்டம். பள்ளிக்கூடத்து வகுப்பறை, தமிழ்ப் பேச்சு, ஏழு மணி. ஒரே பஸ், இறங்கி நடக்கிற தெருவில் கடை கிடையாது. வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். முதல் மாதம் எனக்கு அந்தத் தெருதான் உயிர்.

டீ போடுகிற அண்ணே, என் கை நடுங்குவதைப் பார்த்து டம்ளரில் பாதிதான் ஊற்றினீர்கள். சிந்தாமல் குடித்தேன். காலி ஆனதும், யாரும் கவனிக்காதபடி வந்து மீதிப் பாதியை ஊற்றினீர்கள். மூன்று வாரம் இப்படி. ஒரு நாள் முழு டம்ளர் கொடுத்தீர்கள். அப்போதுதான் என் கையை நானே பார்த்தேன்.

சம்பளம் குறையாமல் என்னைப் பகல் ஷிஃப்ட்டுக்கே மாற்றிக் கொடுத்த ஃபோர்மேன் சாருக்கும், அறையைக் கொடுத்த பள்ளிக்கூடத்துக்கும் நன்றி. கூட்டத்துக்குச் சந்தா கிடையாது. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். பை சுற்றி வரும்போது முடிந்ததைப் போடுவோம். என்னிடம் காசில்லாத நாட்களில் அந்தப் பையை என் முன்னால் நிறுத்தாமல் நகர்த்திய பக்கத்து நாற்காலிக்காரரை மறக்கவில்லை.

குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்காக நடக்கிற அல்-அனான் கூட்டத்துக்கு என் மனைவியைக் கூட்டிப்போன அக்கா, உங்களுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து நன்றி சொல்கிறோம். “அவர் குடிச்சதுக்கு நீ காரணம் இல்லம்மா” என்று நீங்கள் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து அழுதாள். அதற்குப் பிறகு என் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பதையும் வாயை மோந்து பார்ப்பதையும் விட்டுவிட்டாள். இப்போது தூங்குகிறாள். பல வருடமாக அவள் தூங்கவில்லை என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நம்பர் எழுதிக் கொடுக்க ஆள் இல்லாத யாராவது இதைப் படித்தால், 14446-க்குப் போன் பண்ணுங்கள். போதையிலிருந்து மீள்வதற்கான அரசின் இலவச எண். ஒரு கூட்டம் ஒத்துவரவில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள். எனக்கு மூன்றாவதுதான் ஒத்துவந்தது.

பதினான்கு மாதம் ஆகிறது. வியாழக்கிழமை அறை திறக்கிற முறை என்னுடையது. சாவி என்னிடம் இருக்கிறது, ஐயா. ஆறரைக்கே வந்துவிடுவேன்.

அன்புடன்,
ஒரு குடிநோயாளி,
அம்பத்தூர்