தங்கச்சி பிள்ளையைத் தூக்கட்டும், அம்மா

மடிசன், விஸ்கான்சின்
ஜனவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். ஞாயிற்றுக்கிழமை போனில் கதைத்தபோது, தங்கச்சி எந்நேரமும் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறாள், இப்படியே பழக்கினால் பிறகு கீழே கிடக்காது என்று குறைப்பட்டீர்கள். அவள் பக்கத்தில் நின்றதால் நான் அதிகம் சொல்லவில்லை. என் படிப்பே இதைப் பற்றியது என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் இங்கத்தைய புதினம். மெண்டோட்டா ஏரி உறைந்துவிட்டது. ஆட்கள் அதன்மேல் நடந்து போய், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். சிகாகோவுக்குப் போகிறவர்கள் டெவான் தெருவில் அரிசி மாவு வாங்கி வந்து தருவார்கள். உறைய வைத்த தேங்காய்ப் பூவோடு புட்டு அவிக்கிறேன். குளிருக்குப் பழகிவிட்டேன், வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குத்தான் மனம் ஏங்குகிறது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று மாமி கேட்டாவாம். கூட்டமாக வாழும் ரீசஸ் குரங்குகளின் வீடியோக்களைப் பார்க்கிறேன். குட்டி தாயைவிட்டு எவ்வளவு தூரம் போகிறது, எப்போது திரும்பி ஓடி வருகிறது, இருவரில் யார் கிட்ட வருகிறார், யார் விலகுகிறார் என்று குறிப்பேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராபர்ட் ஹைண்ட் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் தொடங்கி வைத்த முறை இது. பொலன்னறுவை இடிபாடுகளில் ஓடித் திரிகிற நம்மூர்க் குரங்குகளும் இதே இனக் குடும்பம்தான். அவற்றை வொல்ப்காங் டிட்டஸ் என்பவர் 1968 முதல் பின்தொடர்ந்து படித்து வந்தார்.

நான் படிக்கும் இந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு 1930 இல் வந்த ஹரி ஹார்லோ என்ற உளவியலாளரைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து அறிஞர்கள் பலர், பால் தருவதால்தான் குழந்தை தாயோடு ஒட்டுகிறது என்று நம்பினார்கள். ஜோன் வாட்சன் என்பவர் பிள்ளைகளைக் கொஞ்சக் கூடாது, மடியில் வைத்திருக்கக் கூடாது என்றே பெற்றோருக்குப் புத்தி சொன்னார். ஹார்லோவின் ஆய்வுக்கூடத்தில், நோய் தொற்றாமல் இருப்பதற்காகக் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். கூண்டுத் தரையில் விரித்திருந்த துணியை அவை இறுகப் பிடித்துக்கொண்டன. துவைக்க எடுத்தால் அலறின. அதைக் கண்டுதான் அவர் இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்தார். ஒன்று வெறும் கம்பி, மற்றது துவாய்த்துணி சுற்றியது. பால்புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும் குட்டிகள் குடித்து முடித்ததும் துணித் தாயிடமே வந்து, நாளின் பெரும்பகுதியை அதோடு ஒட்டிக்கொண்டே கழித்தன. மேளம் அடிக்கும் பொம்மைக் கரடியைக் காட்டிப் பயமுறுத்தினால் ஓடிப்போய்த் துணித் தாயைக் கட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்து, திரும்பி அந்தக் கரடியையே பார்க்கும். எனக்கு இதுதான் முக்கியம், அம்மா. கட்டிப் பிடித்த பிறகுதான் அதற்குத் தைரியம் வந்தது.

ஆனால் அந்தக் குட்டிகள் பட்டது கொஞ்சமல்ல. துணித் தாயோடு வளர்ந்தவையும் பெரிதானபின் சரியாகப் பழகத் தெரியாமல் தடுமாறின. அவற்றில் சில தாயானபோது தம் குட்டிகளையே அடித்தன. பிறகு ஹார்லோ குட்டிகளை நீண்டகாலம் தனியே அடைத்துவைத்தும் பார்த்தார். அந்தப் பகுதிகளைப் படித்த இரவுகளில் எனக்கு நித்திரை வரவில்லை. அவ்வளவு தூரம் போயிருக்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம். 1985 இல் அமெரிக்கச் சட்டத்தைத் திருத்தி, ஆய்வுக்கூடக் குரங்குகளின் மனநலத்தையும் பார்க்க வேண்டும் என்றார்கள். யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்காத வேலை வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரேயொரு ஆறுதல், தனிமையில் ஆறு மாதம் கிடந்த குட்டிகளோடு மூன்று மாதக் குட்டிகளை விட்டபோது அந்தச் சின்னதுகள் போய்க் கட்டிக்கொண்டே அவற்றைத் தேற்றிவிட்டன. ஹார்லோவும் அவரோடு வேலை செய்த ஸ்டீபன் சுவோமியும் 1972 இல் அதை எழுதினார்கள்.

குரங்கு வேறு, பிள்ளை வேறு என்பீர்கள். சரி, பிள்ளைகளையே பார்ப்போம். மேரி எயின்ஸ்வர்த், சில்வியா பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 26 குழந்தைகளை வீடுகளுக்கே போய் முதல் வருடம் முழுக்கக் கவனித்தார்கள். அழுதவுடன் தாய் ஓடி வந்த பிள்ளைகள் வருட முடிவில் குறைவாகவே அழுதன. அதுவும் 1972 இல்தான் வெளிவந்தது. தங்கச்சி தூக்கித் தூக்கிப் பிள்ளையைக் கெடுக்கவில்லை, அம்மா. அவளை ஏசாதீர்கள்.

அவளுக்கு நித்திரை குறைவு என்பதும் எனக்குத் தெரியும். இரவில் நீங்கள் கொஞ்ச நேரம் வாங்கி வைத்திருங்கள். அப்பாவிடமும் கொடுங்கள். ஆண்களாலும் பிள்ளை வளர்க்க முடியும் என்று ஹார்லோ 1958 இல் வாஷிங்டனில், அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராகப் பேசிய அந்தப் பெரிய பேச்சிலேயே சொன்னார். அப்பா காலையில் பேப்பர் வாசிக்கும்போது பிள்ளை அவர் நெஞ்சில் கிடக்கட்டும், அந்த ஒரு மணி நேரம் தங்கச்சி படுக்கலாம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் மிளகாய்த்தூளும் கொஞ்சம் ஒடியல் மாவும் கொடுத்துவிடுங்கள். தங்கச்சிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள் சுபா