மதிப்பெண் ஏட்டில் பூச்சியம் போடும் முன்

பள்ளித் தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

அடுத்த கல்வியாண்டின் மதிப்பீட்டு விதிகளை எழுத உட்காரும்போது இந்த மடலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கிரேடு பிசகுவதற்குக் கேள்வித்தாளையே குறை சொல்லிப் பழகிவிட்டோம். பல நேரம் பிசகு கூட்டி வகுக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு மாணவி நான்கு தேர்வுகளில் 80, 85, 90, 85 வாங்குகிறாள். ஐந்தாவதாகத் தர வேண்டிய ஒப்படைப்பைத் தரவில்லை. பூச்சியம் போட்டால் சராசரி 68; போடாவிட்டால் 85. அந்த 68 அவளுடைய பாட அறிவைக் காட்டவில்லை, நாம் கொடுத்த தண்டனையைக் காட்டுகிறது. எக்செல்லில் இது சத்தமில்லாமலே நடக்கும். கட்டத்தை வெறுமையாக விட்டாலோ 'ஆப்சென்ட்' என்று எழுதினாலோ சராசரிச் சூத்திரம் அதைத் தாண்டிப் போய்விடும். 0 என்று தட்டினால் சேர்த்துக்கொள்ளும். ஒரு பிரிவு ஆசிரியர் வெறுமையாக விட்டு, அடுத்த பிரிவு ஆசிரியர் 0 தட்டினால், ஒரே தவறுக்கு இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு கிரேடு.

'பூச்சியம் இல்லாவிட்டால் யாரும் எழுதித் தரமாட்டார்கள்' என்பீர்கள். நியாயமான பயம்தான். கட்டத்தைச் சும்மா விட்டால் தெரியாத பாடத்தைத் தட்டிக்கழிப்பவனுக்கு லாபம். அதனால் 'தரவில்லை' என்பதற்குப் பள்ளி முழுக்க ஒரே குறியீடு வையுங்கள். பத்து வேலை நாள் அவகாசம் கொடுத்து, பள்ளி நேரம் முடிந்ததும் உட்காரவைத்து எழுதி வாங்குங்கள். அதன்பிறகும் வராவிட்டால் எண் போடாமல் 'மதிப்பிடப் போதிய சான்று இல்லை' என்று அறிக்கையில் எழுதுங்கள். பூச்சியத்தைவிட அந்த வரிக்குத்தான் பெற்றோர் பள்ளிக்கு வருவார்கள்.

மறுதேர்விலும் இதே கதைதான். ஒரு மாணவன் முதலில் 35, மறுபடி எழுதியபோது 82 வாங்கினால் சராசரி 58.5. இன்றைக்கு அவனுக்குத் தெரிந்தது 82 அளவு. பிறகு எதற்காக அந்த 35-ஐச் சுமக்க வேண்டும்? புதியது பழையதை மாற்றட்டும். பதிலுக்கு, தவறிய கணக்குகளைத் திருத்தி எழுதிக் காட்டினால்தான் மறுதேர்வு என்று விதி வையுங்கள்.

செயல்திட்டத்துக்கு 20 சதவீதம் என்று சுற்றறிக்கையில் போடுகிறீர்கள். வகுப்பில் எல்லோருக்கும் 20-க்கு 18, 19 என்றே விழுந்தால், அந்த 20 சதவீதம் யாரையும் பிரித்துக் காட்டாது. மொத்தத்தைத் தூக்கிவிடுவதோடு சரி. தசமத்தில் வரும் மதிப்பெண்ணை முழு எண்ணாக்குவதைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்யுங்கள். 89.45-ஐ முதலில் 89.5 ஆக்கி, அதை 90 ஆக்கினால் கிரேடே மாறிவிடும்.

திருத்துபவருக்குத் திருத்துபவர் மதிப்பெண் மாறுவது புதிதல்ல. அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரே வடிவியல் விடைத்தாளைப் பல ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். 1913-இல் வெளியான அந்த ஆய்வில் மதிப்பெண் 28 முதல் 95 வரை போனது. கட்டுரை அல்ல, கணக்கு! விடைத்தாள் கட்டுகளைப் பிரிக்கும் முன், ஐந்து தாள்களை நகலெடுத்து அந்தப் பாட ஆசிரியர்கள் எல்லோரும் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். விடையின் எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்ற சண்டை அந்த ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

முன்னேற்ற அறிக்கையில் பாட அறிவு ஒரு பத்தி, ஒப்படைப்பும் ஒழுங்கும் இன்னொரு பத்தி, வருகை தனி. 'நன்று, இன்னும் முயற்சி தேவை' என்ற முத்திரை வாக்கியத்தை வைத்து வீட்டில் யாரும் எதுவும் செய்ய முடியாது. 'பகுதி ஒன்றாக இருந்தால் பின்னங்களைக் கூட்டுகிறாள்; பகுதி வேறானால் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, 1/2 + 1/3 = 2/5 என்கிறாள்' என்று எழுதிப் பாருங்கள். எங்கே உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும் என்பது புரியும். நாற்பது பிள்ளைகளுக்கும் இப்படி எழுத நேரமில்லை, ஒப்புக்கொள்கிறோம். பின்தங்கியவர்களுக்கு மட்டுமாவது, பருவம் முடியக் காத்திராமல் நான்காவது வாரத்திலேயே எழுதி அனுப்புங்கள்.

புதிய விதிகளை அச்சுக்குக் கொடுக்கும் முன், சென்ற ஆண்டு ஒரு வகுப்பின் மதிப்பெண்களை அவற்றில் போட்டு ஓட்டுங்கள். யார் யாருடைய கிரேடு மாறுகிறதோ அந்த விடைத்தாள்களை எடுத்துவைத்து, எந்தக் கிரேடு அந்தத் தாளுக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள்.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் சிலர்