கணக்குப் பார்த்த பிறகு வந்த மன்னிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ மன்னிப்பு பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடந்ததை மறந்துவிடுவதுதான் மன்னிப்பு என்று அதில் இருந்த ஒரு வரி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. என் தம்பி தொழில் தொடங்க வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஒரே வருடத்தில் தொழில் படுத்தது. தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனான். 52 தவணைகள் என் சம்பளத்திலிருந்து போயின. ஒவ்வொன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

சபையில் பார்த்தவர்கள் எல்லோரும், “கூடப்பிறந்தவன்தானே டீச்சர், மறந்துடுங்க” என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கோ, ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வதுபோல் கேட்டது. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்ற இடம் வரும்போது என் வாய் மூடிக்கொள்ளும். மற்றவர்கள் சொல்லி முடித்ததும் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். நான்கு வருடம் இப்படியே போனது.

ஒரு நாள் பைபிளில் மத்தேயு 18ஆம் அதிகாரம் வாசித்துக்கொண்டிருந்தேன். எத்தனை தரம் மன்னிப்பது, ஏழு தரமா என்று பேதுரு கேட்க, ஏழெழுபது (ஏழு முறை எழுபது) தரம் என்று சொல்லிவிட்டு இயேசு ஒரு கதை சொல்கிறார். ராஜாவிடம் 10,000 தாலந்து கடன்பட்டு மன்னிப்புப் பெற்ற ஊழியன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். பழக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. அப்படியானால் அவனுடைய கடன் 6 கோடி நாள் உழைப்பு! இதைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த நூறுதான். நூறு நாள் கூலி என்பது ஒரு குடும்பத்தின் மூன்று மாதப் பிழைப்பு. அதை இயேசு சில்லறைக் காசு என்று தள்ளவில்லை. கதையே ராஜா கணக்குப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. எவ்வளவு என்று தெரிந்துதான் அவர் கடனை விடுகிறார். லூக்கா 17இல் இன்னும் நேராகவே இருக்கிறது: சகோதரன் குற்றம் செய்தால் கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் (மனம் வருந்தித் திரும்பினால்) மன்னி.

சரி, திரும்பி வராதவர்களை என்ன செய்வது? யாரும் கேட்காமலே, சிலுவையில் இருந்தபடியே “பிதாவே, இவர்களுக்கு மன்னியும்” என்றார் இயேசு. வஞ்சத்தை விடுவதற்கு எதிராளி வந்து நிற்கவேண்டியதில்லை என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். தட்டுத்தடுமாறி அந்த இடம்வரை நானும் வந்திருந்தேன். ஆனால் ஒப்புரவாவதற்கு, அதாவது உறவு மறுபடி சேர்வதற்கு, இரண்டு பேரும் வேண்டும்.

ஐந்தாம் வருடம் தம்பி வந்து வாசலில் நின்று அழுதான். “பரவாயில்லடா” என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. உட்காரவைத்து நோட்டைக் கையில் கொடுத்தேன். 52 வரிகளையும் வாசித்தான். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வளையலை விற்ற மாதம் வந்தபோது நிமிர்ந்து, “இது எனக்குத் தெரியாதுக்கா” என்றான். அப்புறம்தான், இனி இதை உன்னிடம் கேட்கமாட்டேன் என்றேன். அடுத்த ஞாயிறு ஜெபத்தில் அந்த வரியை முழுவதும் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி ஜாமீன் கேட்டான். முடியாது என்றேன். அப்படியென்றால் நீங்கள் மன்னிக்கவேயில்லை என்றார் சபைப் பெரியவர் ஒருவர். 1981 மே மாதம் தன்னைச் சுட்டவரை மன்னித்துவிட்டதாகப் போப் இரண்டாம் ஜான்பால் நான்கே நாளில் சொன்னார். 1983இல் சிறைக்கே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். ஆனாலும் அந்த மனிதர் 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். போப் மன்னித்தது பொய்யாகிவிடுமா?

அடிபட்டு வந்த பெண்களைக்கூட ‘மறந்துவிடு, மன்னித்துவிடு’ என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உங்கள் கட்டுரையின் அந்த ஒரு வரிக்காக இவ்வளவு எழுதுகிறேன். தயவுசெய்து இதையும் பிரசுரியுங்கள்.

தம்பி இப்போதும் வாரம் தவறாமல் பேசுகிறான். அந்த நோட்டை அவனே கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி