வௌவால் குட்டி உள்ளே இருக்கும்போது பிளவை அடைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

ஓட்டிடுக்கையும் உத்திரப் பிளவையும் சிமென்ட் பூசி அடைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அங்கே ஒண்டுவது பழந்தின்னி வௌவால் அல்ல. சுமார் 3 கிராமே எடையுள்ள பூச்சித்தின்னி வௌவால். அந்தி மங்கியதும் கிளம்பி, நம் காதுக்கு எட்டாத ஒலியின் எதிரொலியால் இரையை அறியும். பறந்தபடியே வால்சவ்வைப் பைபோல் குவித்து, பூச்சியை வாரி, தலையைக் குனிந்து கவ்விவிடும். எவ்வளவு நேர்த்தி!

ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிகள்தான். தாய் வெளியே போன நேரத்தில் அடைத்தால், பறக்கத் தெரியாத அவை உள்ளேயே பட்டினியில் செத்து நாறும். குட்டிகள் பறந்த பிறகு, பொடிக்கண் வலையைத் துவாரத்தின் மேலும் பக்கங்களிலும் ஒட்டி, கீழே ஓரடி தளர்வாகத் தொங்கவிடுங்கள். பெரிய கண் என்றால் சிறகு சிக்கும். வெளியேறியது திரும்ப நுழையாது. ஒரு வாரம் கழித்துப் பூசலாம். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் போங்கள்.

வாசகர், மதுரை