கோத்தகிரி சாலையின் கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் ஏறத்தாழ 33 கி.மீ. மலைப்பாதையை, ஈரோட்டிலிருந்து உதகை வரை நீளும் மாநில நெடுஞ்சாலை 15-இன் ஒரு பகுதியாக மட்டுமே இன்று பலர் அறிவர். ஆனால் நீலகிரிக்கு முதன்முதலில் போடப்பட்ட சாலை, குன்னூர் வழியாக அல்ல, இந்தக் கோத்தகிரிப் பக்கமாகவே மலையேறியது. 1819-இல் இம்மலைக்கு வந்த கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன், பவானி ஆற்றங்கரையிலுள்ள சிறுமுகையிலிருந்து கோத்தகிரியை அடுத்த திம்பட்டி வரை பாதை அமைக்கச் சென்னை அரசின் அனுமதியைப் பெற்று, 1820-இல் தொடங்கிய பணியை 1823-இல் நிறைவு செய்தார்.

பாறையை உடைத்தும் காட்டை வெட்டியும் அப்பாதையை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் சிறைக் கைதிகள். அவர்களுள் பலர் அப்பணியிலேயே உயிரிழந்தனர் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. 1830-களில் குன்னூர் மலைப்பாதை வந்ததும் பழைய வழி மதிப்பிழந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து நேராக ஏறும் இப்போதைய சாலை 1870-களில் உருவானது.

சல்லிவனுக்குக் கன்னேரிமுக்கில் புதுப்பிக்கப்பட்ட அவரது பங்களாவே நினைவிடமாக நிற்கிறது, அது நியாயமானதே. பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர்களுக்கும் சிறுமுகையிலோ கோத்தகிரியிலோ சாலையோரம் தமிழில் பொறித்த ஒரு நினைவுக்கல்லை நெடுஞ்சாலைத் துறை நிறுவ வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி